முதல் ஓட்டுப் போடப் போகும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

18 வயது முடிந்து, பட்டியலில் பெயர் ஏறி, வாக்காளர் அட்டை தபாலில் வந்திருக்கும். அதிலுள்ள உங்கள் படத்தைப் பார்த்து நீங்களே சிரித்தும் முடித்திருப்பீர்கள். இனி வாக்குப்பதிவு நாள் வரை ஆளாளுக்கு உபதேசம்தான். கல்லூரியில் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் கோலம் போடுவார்கள், நடிகர்கள் வீடியோவில் வந்து விரலைக் காட்டுவார்கள். ஓட்டுப் போடச் சொல்கிற இத்தனை பேரில், வாக்குச்சாவடி அறைக்குள் என்ன நடக்கும் என்று உங்களிடம் சொல்பவர் யாரும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியனாகவும் பிறகு தலைமை ஆசிரியனாகவும் இருந்ததால், தேர்தல்தோறும் அந்த அறைக்குள் உட்கார வைக்கப்பட்டவன் நான். உள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த அறையில் யாரும் யாரையும் நம்புவதில்லை. அதிகாரியை, வேட்பாளர் சார்பில் உட்காரும் ஏஜென்ட் நம்ப மாட்டார். ஒரு கட்சி ஏஜென்டை அடுத்த கட்சி ஏஜென்ட் நம்ப மாட்டார். இயந்திரத்தை ஒருவருமே நம்ப மாட்டார்கள். நீங்கள் நீங்கள்தானா என்பதையும் உங்கள் முகத்தை வைத்து ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அத்தனை சந்தேகத்தையும் வாய்விட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்பதற்காகவே அந்த அறை அப்படி ஏற்பாடு செய்யப்படுகிறது.

முதல் நாள் சாயங்காலமே நாங்கள் வந்துவிடுவோம். மண்டல அலுவலரின் வண்டி இயந்திரப் பெட்டிகளையும் ஒரு மூட்டை நிறையப் படிவங்களையும் இறக்கிவிட்டுப் போகும். பெரும்பாலும் ஏதாவது தொடக்கப் பள்ளியாக இருக்கும். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, வாய்ப்பாடு தொங்கும் சுவருக்குக் கீழே பாய் விரித்துப் படுப்போம். தூக்கம் என்று சொல்ல முடியாது. கொசு ஒரு பக்கம், உறைகளின் மேல் முகவரி எழுதும் வேலை ஒரு பக்கம். பெண் ஊழியர்கள் முதலில் தேடுவது கழிவறையை. அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பதுதான் அன்றிரவின் பெரிய பிரச்சினை. உள்ளூர்க் கட்சிக்காரர் யாராவது அன்போடு சாப்பாடு கொண்டுவருவார். வாங்கக் கூடாது என்பது விதி.

காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. நாங்கள் 'மாக் போல்' என்போம். ஏஜென்டுகள் எதிரில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும் விழ வேண்டும். யார் எத்தனை அழுத்தினார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டு, இயந்திரம் காட்டும் கணக்கையும், ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் அதோடு ஒப்பிட வேண்டும். பிறகு அத்தனையையும் அழித்து, மொத்தம் பூஜ்யம் என்று காட்ட வேண்டும். அந்தச் சீட்டுகள் கறுப்பு உறைக்குள் போகும். பச்சைத்தாள் முத்திரையின் எண்ணை உரக்கப் படிப்போம், ஏஜென்டுகள் எழுதிக்கொண்டு அதன்மேல் கையெழுத்துப் போடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் வரும் ஏஜென்ட் சிலர் இதைச் சடங்குபோல் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். ஒருவர் மட்டும், பெரும்பாலும் மிகச் சின்னக் கட்சிக்காரர், "சார், இன்னொரு தடவ எண்ணிக் காட்டுங்க" என்பார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நான் அந்த அறையில் அதிகம் மதித்தது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

இனி நீங்கள் வருகிறீர்கள். சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பாகம் எண், வரிசை எண் எழுதிய சிலிப்பை அவர்களிடமும் வாங்கலாம், வீட்டுக்கு வந்து அரசு ஊழியர் கொடுத்த பூத் சிலிப்பையும் கொண்டுவரலாம். இரண்டும் அடையாள ஆவணம் ஆகாது. வாக்காளர் அட்டை வேண்டும். அது இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் என்று ஒரு பட்டியல் உண்டு. கையில் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுக் கிடையாது. நாள் முழுக்க நாங்கள் கேட்கும் அழுகையில் பாதி இதுதான். 2025 கடைசியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, "போன தடவை போட்டேனே" என்று பெரியவர்களும்கூட அசட்டையாக இருக்க முடியாது. உங்கள் பெயரோடு அப்பா அம்மா பெயரையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

அந்த 100 மீட்டர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் பிரச்சாரப் பேச்சுக் கூடாது. செல்போனும் உள்ளே கூடாது. முன்பெல்லாம் அதை வைக்க இடமின்றி, பின்னால் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். வாசலில் போன் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2025-இல் தேர்தல் ஆணையம் சொன்னது. ஓட்டுப் போடும் மறைவிடத்துக்குள் செல்ஃபி எடுக்கும் ஆசையை விடுங்கள். உங்கள் ஓட்டின் ரகசியத்தை நீங்களே ஏலம் விடுவதுபோல் ஆகிவிடும்.

வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிற்க வேண்டும். முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கைக்குழந்தைக்காரிகளையும் முன்னால் விடுவார்கள், முணுமுணுக்காதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். வகுப்பில் ஆஜர் சொன்னதற்குப் பிறகு உங்கள் பெயரை இப்படி யாரும் கூவியிருக்க மாட்டார்கள். கூச்சமாக இருக்கும். எதிர் பெஞ்சில் ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் கோடு கிழிப்பார்கள். அவர்கள் அந்தத் தெருக்காரர்கள். உங்கள் தாத்தாவையும் தெரியும், சிங்கப்பூர் போன சித்தப்பாவையும் தெரியும். அட்டையிலுள்ள படத்துக்கும் உங்களுக்கும் ஆறு வித்தியாசம் இருந்தாலும், "நம்ம தையல்கடைக்காரர் மக சார், விடுங்க" என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு மூச்சு வரும். அதே ஏஜென்டுக்கு உங்கள்மேல் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். 'சேலஞ்ச்' என்பார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். ஆட்சேபணை நிற்காவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடுவீர்கள். உரக்கப் படிப்பது எதற்கென்று இப்போது தெரிந்திருக்கும். செத்தவர் பெயரில் ஒருவர் வந்தால், அந்தப் பெயர் காதில் விழுந்த நொடியே பெஞ்சிலிருந்து, "அவரு மாசி மாசமே போயிட்டாரே" என்று குரல் வரும்.

இரண்டாம் அலுவலர் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தை வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் நகத்தையும் தோலையும் சேர்த்து மைக்கோடு இழுப்பார். மைசூரில் கர்நாடக அரசின் பெயின்ட் நிறுவனம் தயாரிக்கும் மை அது. 1962 தேர்தலிலிருந்து நாடு முழுக்க அதுதான். அதிலுள்ள சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டதும் கறுக்கும். தோலில் சில நாளில் போய்விடும். நகத்திலிருப்பது நகம் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும். காயும் முன் துடைக்காதீர்கள். அடுத்த மேசைக்காரர் உங்கள் விரலைப் பார்த்துத்தான், இரண்டாம் அலுவலர் தந்த சிலிப்பை வாங்குவார். அவர் கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அமுக்கினால்தான், மறைவிடத்திலுள்ள இயந்திரம் ஒரே ஓட்டுக்குத் திறக்கும்.

இதுவரை உங்கள் பெயர், வயது, முகம், கையெழுத்து, விரல் எல்லாம் நாலு பேர் நடுவில். இனி அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் மட்டும். உங்கள் அப்பாவும் கூட வர முடியாது. நாங்களும் வர மாட்டோம். சாவடியில் கேமரா இருந்தால், அதுவும் அந்தப் பக்கம் பார்க்காதபடிதான் வைக்க வேண்டும். பார்வையற்றவரும், தானாக அழுத்த முடியாதவரும் 18 வயதுக்கு மேற்பட்ட துணையோடு போகலாம். அந்தத் துணைக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைப்போம், இன்னொருவருக்கு அன்றைக்குத் துணையாக வர முடியாதபடி. இயந்திரத்தில் பிரெய்ல் எழுத்தும் உண்டு.

தடுப்புக்குப் பின்னால் புதியவர்கள் தடுமாறுவது எதில் தெரியுமா? சின்னத்தின் படத்தையே அழுத்திக்கொண்டு நிற்பார்கள். அழுத்த வேண்டியது அதன் பக்கத்திலுள்ள நீலப் பொத்தான். தொட்டதும் கையை எடுத்துவிடுவார்கள். நன்றாக அழுத்துங்கள். பொத்தான் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்திலுள்ள விவிபாட் பெட்டியில் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் போட்ட வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 வினாடி நிற்கும். அதைப் படியுங்கள். அந்த 7 வினாடியைப் பெரும்பாலோர் வீணடித்துவிட்டுத் திரும்பி நடக்கிறார்கள். சீட்டு அறுந்து விழும், நீளமாகப் பீப் சத்தம் கேட்கும். அது வாசல் வரை கேட்கும். சத்தம் வராமல் வெளியே வராதீர்கள்.

என்னைப்போன்றவர்கள் மறக்க முடியாத குரல் ஒன்று உண்டு. தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டி, தனக்குப் பிடித்த சின்னத்தின் பெயரை ஊருக்கே கேட்கும்படி சொல்லி, "அது எங்கேப்பா இருக்கு? இங்க காணமே" என்பார். அறை உறைந்துவிடும். ஏஜென்டுகளில் ஒருவர் முகத்தில் சிரிப்பு, மற்றவர்கள் முகத்தில் கடுப்பு. நாங்கள் உள்ளே போகக் கூடாது. வெளியே நின்றபடி, அட்டையில் செய்த மாதிரி இயந்திரத்தைக் காட்டி, "பாட்டி, மேலேயிருந்து ஒண்ணொண்ணா பாருங்க, படமும் இருக்கும்" என்போம். வேட்பாளர் படம் 2015-இலிருந்து அச்சாகிறது. பெயர்க் குழப்பத்துக்கு அது மருந்து. 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள், நினைவிருக்கும். ஓர் இயந்திரத்தில் நோட்டாவோடு சேர்த்து 16 பெயர்தான் அடங்கும். அந்தத் தேர்தலில் கரூரில் 54 வேட்பாளர்கள். நான்கு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். நான்கு இயந்திரம் இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆன கதையோடு ஒப்பிட்டால் இது பரவாயில்லை. அதன் பிறகுதான் டெபாசிட் தொகையை ஏற்றினார்கள்.

மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூர்க் குடவோலையை இழுப்பார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அருமையானதுதான். ஆனால் அங்கே நடந்தது, நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னது. அது குலுக்கல். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் குடத்தின் பக்கத்தில்கூட இடமில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கதை 1951-52 பொதுத்தேர்தலில்தான் தொடங்குகிறது. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மேல் சின்னம். உங்கள் வயதுக்காரர்களை உள்ளே விட்டது 1989-இல்தான், அதுவரை 21.

காசு விஷயத்துக்கு வருகிறேன். தெரியாததுபோல் நடித்தால் இந்த மடலுக்கே மரியாதை இல்லை. 2009-இல் ஓர் இடைத்தேர்தலில் பெயரே கிடைத்தது, 'திருமங்கலம் ஃபார்முலா' என்று. பணப் பட்டுவாடாவுக்காகவே 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். நான் சொல்ல வருவது அடுத்த சங்கதி. உறையைக் கொடுப்பவர் போகிறபோக்கில், "யாருக்குப் போட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். வீட்டில் பெரியவர்கள் அதை நம்புவார்கள். தெரியாது, பிள்ளைகளே. பதிவேட்டில் நீங்கள் வந்தது இருக்கும், எந்தப் பொத்தான் என்பது இருக்காது. விவிபாட் சீட்டில் வேட்பாளர் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. உங்கள் பாட்டிக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். கோயிலில் சத்தியம் வாங்கியிருந்தால் இன்னும் பொறுமையாக விளக்குங்கள்.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஓட்டு தெரியாது. உங்கள் பூத்தின் மொத்தம் தெரியும். எண்ணிக்கை பூத்வாரியாக நடப்பதால், இந்தத் தெருவும் அந்தக் காலனியும் சேர்ந்து யாருக்கு எத்தனை போட்டன என்று எல்லாக் கட்சிக்கும் கணக்குப் போய்விடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ண முடிந்தது. இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. தனி ஆளுக்குக் கொடுத்த மறைவை ஒரு சேரிக்கும் ஒரு குப்பத்துக்கும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம். "உங்க ஏரியா எங்களுக்குப் போடல, ரோடு எப்படி வரும்?" என்ற மிரட்டல் இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பிப் போகாதீர்கள். 'சர்கார்' படம் பார்த்தவர்களுக்கு 49பி விதி தெரியும். அடையாளத்தைக் காட்டினால் காகித வாக்குச்சீட்டுத் தருவோம், 'டெண்டர் ஓட்டு' என்று பெயர். படத்தில் காட்டுகிற அளவுக்கு அதற்கு மகிமை கிடையாது: அது தனி உறைக்குள் போகும், சாதாரண எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். ஆனாலும் கேளுங்கள். அந்தப் பூத்தில் கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான். விவிபாட் சீட்டு நீங்கள் அழுத்தியதற்கு மாறாக வந்தால் அங்கேயே சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, ஏஜென்டுகள் எதிரில் உங்களைச் சோதனை ஓட்டுப் போடச் சொல்லுவார்கள். பொய்யென்றால் தண்டனை உண்டு, விளையாட்டுக்குச் சொல்லாதீர்கள்.

எங்கள் சங்கடத்தையும் கேளுங்கள். பணியில் இருந்த காலமெல்லாம் ஆசிரியர்களுக்குத் தபால் வாக்குத்தான். ஊருக்கெல்லாம் ஓட்டுப் போட வழி செய்துவிட்டு நாங்கள் உறையில் ஒட்டி அனுப்புவோம். கையெழுத்து, சான்றொப்பம், உள்உறை, வெளிஉறை என்று அதில் எங்கே சறுக்கினாலும் செல்லாது. 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. அங்கே தள்ளுபடியான தபால் வாக்குகளில் தலைமை ஆசிரியர்களின் சான்றொப்பம் செல்லுமா என்பதே வழக்காகி, 2019-இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிடும் வரை போனது. பொத்தானில் அழுத்தி, பீப் கேட்டுப் போட்ட ஓட்டு 'செல்லாத ஓட்டு' ஆவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக வரிசையில் நின்று, என் பெயரை யாரோ ஓர் இளம் ஆசிரியை உரக்கப் படிக்கக் கேட்டபோது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

வெளியூரில் படிப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும்: நம் நாட்டில் சாதாரண வாக்காளருக்குத் தபால் வசதி இல்லை. வெளிநாட்டிலிருப்பவர்கள்கூடப் பட்டியலில் சேரலாம் என்று 2010-இல் சட்டம் மாறியது, ஆனால் போட ஊருக்கு வந்தாக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குள் ஏற முடியாது. விடுதி முகவரிக்கோ வேலை செய்யும் ஊருக்கோ பெயரை மாற்றிக்கொள்ளப் படிவம் 8 இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். ஊரிலேயே போட வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் டிக்கெட்டை இப்போதே எடுங்கள். 2024-இல் தருமபுரியில் 81 சதவீதம் பேர் போட்டார்கள். மத்திய சென்னையில் 54-ஐ எட்டவே திணறியது. தருமபுரிக்காரர்களில் எத்தனை பேர் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார்கள் என்று அடுக்குமாடிக்காரர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

நேரம்: 2024-இல் காலை 7 முதல் மாலை 6 வரை. 2021-இல் கொரோனாவுக்காக இரவு 7 வரை, கையுறையும் கொடுத்தோம். 2019-இல் சித்திரைத் தேரோட்டத்தன்றே வாக்குப்பதிவு வந்ததால் மதுரைக்கு மட்டும் இரவு 8 வரை. அடுத்ததற்கு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசைக்கு வந்துவிட்டால் எத்தனை மணி ஆனாலும் போட்டுவிட்டுத்தான் போவீர்கள். அந்த நேரம் வந்ததும் நாங்கள் வரிசையின் கடைசி ஆளுக்கு முதலில் எண் போட்ட சீட்டைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி வருவோம், பின்னால் புதிதாக யாரும் ஒட்டிக்கொள்ள முடியாதபடி.

கதவை மூடிய பிறகு, மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று படிவம் 17சி-யில் எழுதி ஒவ்வொரு ஏஜென்டுக்கும் நகல் கொடுப்போம். எண்ணும் நாளில் இயந்திரம் அந்த எண்ணைச் சொல்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பெஞ்சில் உட்கார ஆள் கிடைக்காமல் சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் திண்டாடுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது ஒரு வேட்பாளரைப் பிடித்திருந்தால், ஸ்டேட்டஸ் வைப்பதைவிட விடியற்காலை ஐந்தரைக்கு ஏஜென்டாக வந்து உட்காருங்கள். முத்திரை எண்ணைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எங்களைத் தொந்தரவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்

பி.கு.: ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டிலுள்ள எல்லோரும் அதைத்தான் எடுத்துப்போகச் சொல்வார்கள். அடையாள ஆவணப் பட்டியலில் அது இல்லை.